கம்பி தெரிகிற மேடைகள்: ஜனவரியில் நியூயார்க், ஆறு நாள்

முதல் நாள்: லிங்கன் சென்டர்

நியூயார்க்கின் பின்நவீன நாடகங்களைத் தேடும் இந்தப் பயணத்தைத் தியேட்டரில் அல்ல, நூலகத்தில் தொடங்குவதுதான் சரி. தொண்ணூறுகளின் சிற்றிதழ்ச் சண்டைகள் வழியாக, ஒரே உண்மை, ஒரே கதை என்பதை நம்பாத பின்நவீனத்துவம் என்ற சொல்லை அறிந்தவர்களுக்கு அது கோட்பாடு: பிரெஞ்சுப் பெயர்கள், அடிக்குறிப்புகள், யார் யாரைச் சரியாகப் படித்தார்கள் என்ற வழக்கு. நியூயார்க் நாடகக்காரர்களிடம் அது தச்சுவேலை மாதிரி. கயிறு, டேப் ரெக்கார்டர், டிவி பெட்டி, காதில் செருகும் ஒலிக்கருவி, கூடவே வேறொருவர் எழுதிய நாடகம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டால் கோட்பாடு தானாக வரும். வராவிட்டாலும் நஷ்டமில்லை.

1ஆம் எண் சப்வே ரயிலில் 66ஆம் தெருவில் இறங்கினால் நிகழ்த்துகலை நூலகம் பக்கத்திலேயே. மூன்றாம் தளத்தில் நாடக ஒளிப்பதிவுக் காப்பகம் இருக்கிறது. பெட்டி கார்வின் 1970இல் தொடங்கியது. பிராட்வே (நகரின் பெரிய வணிக அரங்குகள்), ஆஃப்-பிராட்வே (அவற்றைவிடச் சிறியவை), பிற ஊர் நாடகங்களைப் பார்வையாளர் முன் நடக்கும்போதே படம்பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். வெளியே எங்கும் விற்பனைக்கு இல்லை, இணையத்திலும் கிடையாது.

திடுமென்று போய் நின்றால் காட்டமாட்டார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே நூலகத்தின் இணையப் பட்டியலில் தலைப்பைத் தேடி, எதற்காகப் பார்க்க வேண்டும் என்று எழுதி, நாள் கேட்டு வாங்க வேண்டும். மாணவர், ஆய்வாளர், நாடகத் தொழிலில் இருப்பவர் என்றால் சிக்கல் இல்லை. நூலக அட்டை வேண்டும். ஒரு பதிவை ஒருவருக்குப் பொதுவாக ஒருமுறைதான் காட்டுவார்கள். பிரதியைப் படிக்காமல் போய் உட்கார்ந்தால் கதையைத் தொடர்வதிலேயே நேரம் போய்விடும், மேடையில் கண் போகாது. அதனால் நாடகப் புத்தகத்தை முதலில் வாங்கிவிடுங்கள். 39ஆம் தெரு மேற்கு, 266ஆம் எண்ணில் 1917 முதல் தொடரும் டிராமா புக் ஷாப் இருக்கிறது.

அடுத்த ஐந்து நாளுக்கும் ஒரே கேள்வியை வைத்துக்கொள்வோம். மேடையில் கம்பி, அதாவது மாயத்தை இயக்கும் கருவி, தெரிகிறதா? தெரிந்தால், தவறிப்போய்த் தெரிகிறதா, வேண்டுமென்றே விட்டதா?

இரண்டாம் நாள்: வூஸ்டர் தெரு, 33

கெனால் தெரு நிறுத்தத்திலிருந்து நடந்தே வரலாம். வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடங்களும் விலையுயர்ந்த துணிக்கடைகளும் நிறைந்த சோஹோவில், கவனிக்காமல் கடந்துவிடக்கூடிய சின்ன முகப்பு. இதுதான் பெர்ஃபார்மிங் கராஜ் என்ற சோதனை நாடக அரங்கு. ரிச்சர்ட் ஷெக்னர் 1967இல் தொடங்கிய பெர்ஃபார்மன்ஸ் குரூப் 1968இல் இங்கே ‘டயோனைசஸ் இன் 69’ நிகழ்த்தியது. வரிசை நாற்காலி கிடையாது. பார்வையாளர்கள் மரச்சாரங்களில் ஏறி உட்கார்ந்தார்கள், நடிகர்கள் அவர்களுக்கு நடுவே. ராம்நகர் ராம்லீலாவை நேரில் ஆராய்ந்தவர் ஷெக்னர். 1976இல் தன் குழுவை இந்தியாவுக்கே அழைத்துவந்து பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ போட்டவர்.

அந்தக் குழுவுக்குள்ளிருந்தே எழுபதுகளின் நடுவில் எலிசபெத் லெகாம்ப்டும் ஸ்பால்டிங் கிரேயும் தனி வேலையைத் தொடங்கினார்கள். 1980இல் அதற்கு வூஸ்டர் குரூப் என்று பெயர். கட்டடம் குழுவுக்கே சொந்தம். ஃப்ளக்ஸஸ் என்ற சோதனைக் கலை இயக்கத்தின் கலைஞர்கள் அறுபதுகளில் தொடங்கிய கூட்டுறவு ஒன்றில் பங்குதாரர்களாக வைத்திருக்கிறார்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வாடகை அரங்கு என்றால் நான்கு வாரத்தில் நாடகம் தயாராக வேண்டும். சொந்த இடம் என்றால் ஒரே நாடகத்தை வருடக்கணக்கில் ஒத்திகை பார்க்கலாம், பாதியில் காட்டலாம், திருத்தலாம். இங்கே உருவான நாடகமுறையில் பாதி இந்தச் சொத்துப் பத்திரத்தால் வந்தது.

அவர்கள் செய்முறைக்கு ‘ஹாம்லெட்’டை எடுத்துக்கொள்வோம் (நியூயார்க்கில் 2007). 1964இல் ஜான் கீல்குட் இயக்கத்தில் ரிச்சர்ட் பர்ட்டன் பிராட்வேயில் ஹாம்லெட்டாக நடித்தார். அந்த மேடையை 17 கேமரா கோணங்களில் படம்பிடித்து, அமெரிக்கா முழுக்க ஏறக்குறைய ஆயிரம் சினிமாக் கொட்டகைகளில் இரண்டே நாள் ஓட்டினார்கள். வூஸ்டர் குரூப் அந்தப் படத்தைப் பின்திரையில் ஓடவிட்டு, அதற்கு முன்னால் நின்று அதையே நடித்தது.

முதலில் படத்தை வெட்டி ஒட்டினார்கள். பர்ட்டன் பேச்சுவழக்கில் இஷ்டத்துக்கு நிறுத்திப் பேசியிருந்தார். ஷேக்ஸ்பியரின் அடி எங்கே முடிகிறதோ அங்கே மூச்சு நிற்கும்படி இடைவெளிகளைக் கணினியில் நகர்த்தினார்கள். அதனால் திரையில் பர்ட்டனின் கழுத்து சில இடங்களில் வெட்டி வெட்டி நகரும். பிறகு படத்திலிருந்த ஆட்களைப் பல இடங்களில் அழித்தார்கள். ஒரு கை, ஒரு தோள் மட்டும் ஆவிபோல மிச்சம் நிற்கும். கேமரா கோணம் மாறும்போது மேடையில் நிற்கும் நடிகரும் கோணம் மாற வேண்டும். கேமரா நெருங்கினால் நடிகரும் மேசையும் நாற்காலியும் பார்வையாளரை நோக்கி நகர வேண்டும். மேசைக்குச் சக்கரம் வைத்தது அதற்குத்தான். ஹாம்லெட்டாக நடித்த ஸ்காட் ஷெப்பர்ட் நடுவில் நின்று, இந்த இடத்தை ஓட்டிவிடு என்று வீடியோ ஆளுக்கே உத்தரவு கொடுப்பார்.

இதை வேறு குழுக்கள் பின்பற்றும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். திரையில் இருப்பவரைப் போலச் செய்துகாட்டத் தொடங்கினால் அது மிமிக்ரி. பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். வூஸ்டர் நடிகர்கள் பர்ட்டனை ‘நடிப்பதில்லை’. காதுக்கருவியில் வரும் குரலுக்கும் கண்ணில் படும் திரைக்கும் உடம்பை ஒப்புக்கொடுத்துவிட்டு, யோசிக்க நேரமில்லாத நிலையில் நிற்கிறார்கள். அரை நொடி பிந்தினால் அந்தப் பிந்தலும் காட்சியாகிவிடும். அதை மறைக்கப் பார்த்தால்தான் கெடுகிறது.

இதே வாசலில் நடந்த வழக்கு ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1984இல் ‘எல்.எஸ்.டி.’ என்ற நிகழ்வில் சூனியக்காரி வேட்டை பற்றிய ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ நாடக வசனங்களைத் தலைதெறிக்கும் வேகத்தில் பேசவைத்தார்கள். மில்லர் அனுமதி தரவில்லை. வழக்கறிஞர் கடிதம் வந்தது. குழு அந்த வசனங்களை எடுத்துவிட்டு வேறு பிரதியைச் செருகியது. வாய்தவறிப் பழைய வரி வந்தால் பஸ்ஸர் அடித்து அதை வெட்டியது. மில்லர் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. எழுதியது அவர், தன் நாடகம் கேலியாகத் தெரியும் என்று பயந்தார். ஆனால் வேட்டையையும் வாயடைப்பையும் பற்றிய நாடகம் பஸ்ஸரால் வாயடைக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

1981இல் வந்த ‘ரூட் 1 அண்ட் 9’ இன்னும் கசப்பானது. தார்ன்டன் வைல்டரின் ‘அவர் டவுன்’ (நம் ஊர்) நாடகக் காட்சிகளோடு, வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு செய்த பழைய நகைச்சுவையைச் சேர்த்தார்கள். இனவாதம் என்று கண்டனம் எழுந்தது, மாநிலக் கலைக் குழு மானியத்தைக் குறைத்தது. மேற்கோள் காட்டுகிறோம் என்பது எல்லாவற்றுக்கும் பதிலாகிவிடாது. அந்தப் பதிலைத் தேடியது வேறொரு தலைமுறை. அது ஐந்தாம் நாளுக்கு.

மூன்றாம் நாள்: கிழக்கு 10ஆம் தெருவிலிருந்து 4ஆம் தெரு வரை

ஆஸ்டர் பிளேஸில் இறங்கிக் கிழக்கே நடந்தால், இரண்டாம் அவென்யூ முனையில் 1799இல் திறந்த செயின்ட் மார்க்ஸ் தேவாலயம். 1964இல் இங்கே ரால்ஃப் குக் தியேட்டர் ஜெனிசிஸ் என்ற நாடக அரங்கைத் தொடங்கினார். அவர் தலைமைப் பரிமாறுநராக இருந்த இசைவிடுதியில் மேசை துடைத்துக்கொண்டிருந்த பையன் ஒருவனின் இரண்டு குறுநாடகங்களை அதே ஆண்டு போட்டார். பையன் பெயர் சாம் ஷெப்பர்ட், பின்னாளில் புகழ்பெற்ற நாடகாசிரியர்.

1992 முதல் 2010 வரை இதே தேவாலயத்தில் ரிச்சர்ட் ஃபோர்மனின் ஆன்டலாஜிக்கல்-ஹிஸ்டெரிக் தியேட்டர் இயங்கியது. குழு 1968இல் தொடங்கியது. ஃபோர்மன் 2025 ஜனவரியில் காலமானார். அவர் மேடையின் அடையாளம் கயிறு. சுவருக்குச் சுவர், பார்வையாளரின் கண்மட்டத்தில், கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட நூல்கள். ஒரு முகத்தைப் பார்க்கிறீர்கள். அதன் குறுக்கே கோடு. கண் முகத்துக்குப் போகும், நூலுக்குத் திரும்பும், மறுபடி போகும். காட்சிக்குள் கரைந்துபோக விடாத வேலி அது. அதற்கும் முன்னால் பல நாடகங்களில் பிளெக்ஸிகிளாஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தடுப்பு. உங்கள் முகமே அதில் மங்கலாகத் தெரியும். விளக்குகள் சில பார்வையாளர் கண்ணை நோக்கியே எரியும். நடுநடுவே பஸ்ஸர், பதிவு செய்த அவர் குரல்.

செலவில்லாத உத்தி என்று மாணவர் குழுக்கள் கயிற்றைக் கட்டிப் பார்க்கின்றன. நூல் தொய்ந்தால் அலங்காரத் தோரணமாகிவிடும். விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். முதல் வரிசைக்காரர் கண்மட்டமும் கடைசி வரிசைக்காரர் கண்மட்டமும் வேறு என்பதால் ஒரே உயரத்தில் கட்டினால் பாதிப் பேருக்கு வேலை செய்யாது. கண்ணில் அடிக்கும் விளக்கை நாடகம் முழுக்க எரியவிட்டால் கண் பழகிவிடும், பிறகு அதற்கு அர்த்தமில்லை.

முதல் அவென்யூ 150ஆம் எண், பழைய பள்ளிக்கூடக் கட்டடம், மேபூ மைன்ஸ் குழுவின் இடம். 1970இல் தொடங்கியவர்களில் ஒருவரான ஜோஆன் அகலைட்டிஸ், 1984இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் பெக்கெட்டின் ‘எண்ட்கேம்’ நாடகத்தைக் கைவிடப்பட்ட சப்வே நிலையத்தில் நடப்பதாக அமைத்தார். வெறும் அறை, இரண்டு சின்ன ஜன்னல் என்று எழுதியிருந்த பெக்கெட் கொதித்துப் போனார். நிறுத்தாமல் விட்டார், ஆனால் தன் மறுப்பை நிகழ்ச்சித் தாளில் அச்சிட வைத்தார். அன்று பார்த்தவர்கள் நாடகத்தோடு அதன் ஆசிரியரின் எதிர்ப்பையும் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

பெக்கெட்டுக்கு நேர்மாறானவர் நாடகாசிரியர் சார்லஸ் மீ. தன் நாடகங்களை இணையத்தில் போட்டு, எடுத்துக் கலைத்து உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள் என்கிறார். பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அவர் எழுதியபடியே போட்டால் உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும். கொள்ளையடித்து வேறாக்கினால்தான் இலவசம்.

கிழக்கு 4ஆம் தெரு 74ஏ, லா மாமா என்ற சோதனை நாடக அரங்கு. எலன் ஸ்டூவர்ட் 1961இல் ஒரு நிலவறையில் தொடங்கி 1969இல் இங்கே வந்தார். நாடகம் தொடங்கும் முன் அவரே கையில் மணியோடு வந்து அடிப்பார்.

நான்காம் நாள்: லஃபாயெட் தெரு, 425

பப்ளிக் தியேட்டர். பழைய ஆஸ்டர் நூலகத்தை ஜோசப் பாப் மீட்டு, 1967இல் ‘ஹேர்’ இசைநாடகத்தோடு திறந்தார். இன்று ஒருவரை மட்டும் பேசினால் போதும்: சூசன்-லோரி பார்க்ஸ். ‘டாப்டாக்/அண்டர்டாக்’ 2001இல் இங்கே அரங்கேறியது. அடுத்த ஆண்டு பிராட்வே, கூடவே புலிட்சர். நாடகத்துக்கு அந்தப் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண் அவர்தான்.

இரண்டு சகோதரர்கள், அப்பன் விளையாட்டாக வைத்த பெயர்கள் லிங்கன், பூத் (ஆபிரகாம் லிங்கனைச் சுட்டுக்கொன்றவனின் பெயர்). மூத்தவனுக்கு விளையாட்டுக்கூடத்தில் வேலை: முகத்தில் வெள்ளை பூசி, தொப்பி வைத்து, ஆபிரகாம் லிங்கனாக உட்கார்ந்திருக்க வேண்டும், காசு கொடுத்தவர்கள் வந்து பொம்மைத் துப்பாக்கியால் சுடுவார்கள். இதே வித்தை பார்க்ஸ் முன்பு எழுதிய ‘தி அமெரிக்கா ப்ளே’யிலும் உண்டு. அங்கே ஒரு குழிவெட்டி, ஒரு பென்னிக்குச் சாகிறான். வரலாறு என்பது திரும்பத் திரும்பச் சுடப்படும் வேஷம் என்று அவர் எங்கும் வசனம் எழுதவில்லை. துப்பாக்கியையும் கட்டணத்தையும் மட்டும் வைத்தார்.

பிரதியைத் திறந்தால் இப்படி ஓர் இடம் வரும்:

லிங்கன்
பூத்
லிங்கன்
பூத்

வசனம் இல்லை, அச்சுப்பிழையும் இல்லை. இதற்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்பெல்’. பேச்சில்லாமல் இருவரும் தங்கள் தூய, எளிய நிலையில் இருக்கும் நேரம். ‘ரெஸ்ட்’ என்று வேறொரு குறி உண்டு. அது சின்ன மூச்சு. இரண்டையும் ஒரே ‘மௌனம்’ ஆக்கிவிடுவதுதான் இயக்குநர்கள் செய்யும் முதல் தவறு. ஒவ்வொரு பெயரையும் ஒரு நகர்வு என்று எண்ணுங்கள்: லிங்கன் பார்க்கிறான், பூத் வாங்குகிறான், லிங்கன் விடுகிறான், பூத் விடவில்லை. நான்கு நகர்வு. இப்படிப் பிரித்து ஒத்திகை பார்த்தால் நான்கு பெயருக்குள் ஒரு சண்டையே அடங்கும். அசையாமல் நின்றால் வசனம் மறந்துபோன மாதிரி தெரியும்.

2010இல் இதே கட்டடத்தில் எலிவேட்டர் ரிப்பேர் சர்வீஸ் குழுவின் ‘காட்ஸ்’ நடந்தது. அலுவலகத்தில் கணினி வேலை செய்யாத ஒருவன் மேசையில் கிடைத்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’யை உரக்கப் படிக்கத் தொடங்குகிறான். ஒரு சொல் விடாமல், சாப்பாட்டு இடைவேளையும் சேர்த்து எட்டு மணி நேரம். வருடக்கணக்கில் வெளியூர்களில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நியூயார்க்குக்கு உரிமை கிடைக்க அவ்வளவு காலம் பிடித்தது.

ஐந்தாம் நாள்: வாக்கர் தெரு, 46

வூஸ்டர் தெருவிலிருந்து பத்து நிமிட நடை. சோஹோ ரெப் நாடகக் குழு 2024 வரை இங்கே இருந்தது. இப்போது 42ஆம் தெருவில் ப்ளேரைட்ஸ் ஹொரைசன்ஸ் கட்டடத்தில் இருக்கிறது. நூறு பேர்கூடக் கொள்ளாத வாக்கர் தெரு அறையில் நடந்த இரண்டு நாடகங்களுக்காகத்தான் இந்த நாள். இரண்டையும் இயக்கியவர் சாரா பென்சன், மேடையமைப்பு மிமி லியன்.

‘ஆன் ஆக்டரூன்’, 2014. பிராண்டன் ஜேக்கப்ஸ்-ஜென்கின்ஸ் எழுதியது. மூலம் டயான் பூசிகால்ட் என்ற ஐரிஷ்காரரின் ‘தி ஆக்டரூன்’ (எட்டில் ஒரு பங்கு கறுப்பின வம்சாவளி உள்ளவரைக் குறித்த பழைய சொல்). அடிமைமுறைக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் தூக்கிலிடப்பட்ட நான்காம் நாள், 1859 டிசம்பர் 6 அன்று நியூயார்க்கில் அரங்கேறிய அடிமைத் தோட்ட மெலோடிராமா. 2014இன் நாடகம் தொடங்கும்போது ஆசிரியரே பாத்திரமாக வந்து பேசியபடி முகத்தில் வெள்ளை பூசிக்கொள்கிறார். கறுப்பின நடிகர் வெள்ளை வேஷத்தில், வெள்ளை நடிகர் செவ்விந்திய வேஷத்தில், செவ்விந்தியர் வேஷத்துக்கு உரியவர் கரிவேஷத்தில் என்று ஒப்பனை சுற்றிவருகிறது. நல்லவன் ஜார்ஜும் கெட்டவன் மெக்லாஸ்கியும் ஒரே நடிகர். சண்டை வரும்போது அவர் தன்னோடுதான் கட்டிப் புரள வேண்டும். கட்டியக்காரன் திரைக்கு வெளியே வந்து நக்கலடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மேடையிலிருந்து நேரடியாகப் பேசுவது புதிதல்ல. ஒப்பனையைக் கண்முன்னே பூசி, அது யார் முகத்தில் எதைச் செய்கிறது என்று காட்டுவதுதான் இங்கே விஷயம். ‘ரூட் 1 அண்ட் 9’ பாதியில் விட்ட இடத்துக்குப் பதில் இது.

நான்காம் அங்கத்தில் நடிகர்கள் நாடகத்தை நிறுத்திவிட்டு, இங்கே என்ன நடக்க வேண்டும் என்று விளக்குகிறார்கள். பழைய நாடகத்தில் கொலையைத் தற்செயலாகக் கேமரா பதிவு செய்திருக்கும், புகைப்படமே சாட்சி. 1859இல் அது வியப்பு. இன்று புகைப்படத்தைக் கண்டு யார் வியப்பார்கள்? அதனால் வேறொரு புகைப்படத்தைக் காட்டுகிறார்கள், கறுப்பினத்தவரைக் கும்பல் அடித்துத் தொங்கவிட்ட உண்மைப் படம். இதைப் போட நினைக்கும் குழு முதலில் படிக்க வேண்டியது பாத்திரப் பட்டியலை. எந்தப் பாத்திரத்தை எந்த இனத்தவர் நடிக்க வேண்டும் என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். அந்த நடிகர்கள் கிடைக்காவிட்டால் நாடகம் இல்லை.

‘ஃபேர்வியூ’, 2018. ஜாக்கி சிப்ளீஸ் டிரூரி எழுதியது, மறு ஆண்டு புலிட்சர். முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். முதல் அங்கம் ஒரு கறுப்பினக் குடும்பம், பாட்டியின் பிறந்தநாள் விருந்து, டிவி தொடர் மாதிரி. இரண்டாம் அங்கத்தில் அதே அசைவுகள் ஓசையில்லாமல் திரும்ப நடக்கின்றன. மேலே முகம் தெரியாத வெள்ளையர் குரல்கள், வேறு இனமாகப் பிறக்கலாம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று அரட்டை அடிக்கின்றன. நடிகர்கள் கேரட் நறுக்குவதிலிருந்து நடனம் வரை முதல் அங்கத்தின் அசைவை அப்படியே வைத்திருக்க வேண்டும். முதல் அங்கத்தில் ஒருவர் வேகம் கூட்டினால் இரண்டாம் அங்கத்தில் குரல்களோடு பொருந்தாது. மூன்றாம் அங்க முடிவில் வீட்டுப் பெண் கெய்ஷா, பார்வையாளரில் வெள்ளையர்களை மேடைக்கு வரச்சொல்லிவிட்டு, மீதி உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசுகிறாள். ஃபோர்மனின் கயிறு பார்வையாளருக்கும் மேடைக்கும் நடுவே இருந்தது. இங்கே பார்வையாளர்களுக்கு நடுவிலேயே ஓடுகிறது. செய்முறையாகப் பார்த்தால் இதற்கு நல்ல படிக்கட்டும், அத்தனை பேரைத் தாங்கும் மேடைத்தளமும், எழ மறுப்பவரை வற்புறுத்தாத நடிகையும் வேண்டும்.

ஆறாம் நாள்: சென்ட்ரல் பார்க்

72ஆம் தெருவில் இறங்கிப் பூங்காவுக்குள் கிழக்கே நடந்தால் பெதெஸ்டா நீரூற்று. 1842இல் நகரத்துக்குக் குரோட்டன் ஆற்று நல்ல தண்ணீர் வந்ததன் நினைவு. எம்மா ஸ்டெபின்ஸ் செய்த வெண்கலத் தேவதையை 1873இல் திறந்தார்கள். எய்ட்ஸ் காலத்து அமெரிக்காவைப் பற்றிய டோனி குஷ்னரின் ‘ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா’ நாடகம் முடிகிற இடம் இதுதான்.

இரண்டு பாகம், சேர்த்துப் போட்டால் ஏழு மணி நேரத்துக்கும் மேல். முதல் பாகம் 1991இல் சான் பிரான்சிஸ்கோவில், 1993இல் பிராட்வேயில். எட்டு நடிகர்கள் எல்லாப் பாத்திரங்களையும் பகிர்ந்துகொள்கிறார்கள்: மோர்மன் சபையைச் சேர்ந்த தாய் ஹன்னாவாக வருபவரே யூத மதகுருவான ரபி, மருத்துவர் ஹென்றி, உளவு வழக்கில் மரணதண்டனை பெற்ற எதெல் ரோசன்பர்க். இரண்டு வீட்டுச் சண்டைகள் ஒரே மேடையில் ஒன்றையொன்று வெட்டி ஓடும். அதை ஒத்திகை பார்க்கும்போது இரண்டையும் தனித்தனியே முழுதாக நடித்துப் பழகிவிட்டுத்தான் பின்ன வேண்டும். முதலிலேயே பின்னினால் நடிகர்கள் அடுத்த ஜோடியின் கடைசிச் சொல்லுக்குக் காத்திருப்பது தெரியும்.

காட்சி மாற விளக்கை அணைக்கக் கூடாது, மேடைப் பொருள் குறைவாக இருக்க வேண்டும், நடிகர்களே நகர்த்தலாம் என்று குஷ்னர் குறிப்பு எழுதியிருக்கிறார். முதல் பாகத்தின் முடிவில் கூரையை உடைத்துக்கொண்டு தேவதை இறங்குகிறாள். கம்பி தெரிந்தால் பரவாயில்லை, தெரிவது நல்லதாகக்கூட இருக்கலாம், ஆனால் மாயம் அசத்த வேண்டும் என்கிறார். முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு அசட்டையாகக் கட்டும் குழுக்கள் ஏராளம். கம்பி தெரிவதற்கு அனுமதி உண்டு. மோசமாகப் பறப்பதற்கு இல்லை. பறக்கவைப்பதற்குப் பயிற்சி பெற்ற ஆளும், நடிகையின் அளவுக்குத் தைத்த உள்கவசமும், உடையோடு செய்த ஒத்திகைகளும் வேண்டும். சிறகைக் கடைசி வாரத்தில் மாட்டினால் சமநிலை மாறித் தேவதை முன்பக்கம் சாய்வாள்.

கடைசிக் காட்சி 1990இன் குளிர்காலம். எய்ட்ஸோடு ஐந்து வருடம் வாழ்ந்துவிட்ட பிரையர், இந்தத் தொட்டியின் விளிம்பில் நண்பர்களோடு உட்கார்ந்து பார்வையாளரிடம் நேராகப் பேசுகிறான். குளிர்காலத்தில் நீரை நிறுத்திவிடுவார்கள், குழாயில் பனிக்கட்டி, கோடையில் பார்க்க வேண்டும் என்கிறான்.

ஜனவரியில் இப்போதும் அப்படித்தான். தொட்டி வறண்டு கிடக்கிறது, விளிம்புக்கல் கையுறையைத் தாண்டிச் சில்லிடுகிறது, தேவதையின் தோளில் புறா. வசந்தத்தில் நீரைத் திறந்துவிடுவார்கள். அப்போது வருபவர்கள் பார்ப்பது நாடகத்தில் இல்லாத காட்சி.